குளிசையும் விரதமும்: ஸ்டீரோயிட் மருந்து உட்கொள்ளும் அடியார்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஆலயத்தின் ஆண்டு மலரிலே மருந்துக் குளிசை பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தல வரலாறும், திருவிழா விபரமும், உபயகாரர் பெயர்களும் இடம்பெறும் ஏட்டில் இது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் ஊரிலுள்ள வீடுகள் பெரும்பாலானவற்றில் சாமியறைத் தட்டிலே பக்குவமாக வைக்கப்பட்டு, வேண்டியபோது எடுத்துப் பார்க்கப்படும் நூல் இந்த மலர்தான். மேலும் இங்கு சொல்லப்படும் ஆபத்துக்களிற் பல எமது வழிபாட்டு வழக்கங்களோடு பின்னிப் பிணைந்தவை. விரதமென்று குளிசையை நிறுத்துவதும், அம்மாள் வருத்தமென்று வைத்தியரிடம் போகாதிருப்பதும் பக்தியின் பெயரால் நடப்பவை. ஆகவே ஆலய மலரே இதனைச் சொல்வதற்குரிய இடம் என்பது எனது கருத்து.

யாழ்ப்பாணத்தில் வைத்திய விடயங்களைத் தமிழிலே எழுதுவது புதிய காரியமுமன்று. 1847 ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் கற்பித்தார். அந்த மண்ணிலிருந்து கடல் தாண்டி இருக்கும் நாம் எமது மருந்தைப் பற்றி எமது மொழியில் அறிந்துகொள்வதில் தவறில்லை.

ஸ்டீரோயிட் என்பது யாது?

எமது இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. இவை அதிரீனல் சுரப்பிகள் எனப்படும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் நிறையுடையது; ஒரு தேக்கரண்டிச் சீனியின் அளவு எனலாம். அளவிற் சிறியவையாயினும் இவை சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோன் இல்லாமல் மனிதன் உயிர்வாழ முடியாது. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும், பட்டினியின்போது இரத்தத்திற் சீனி குறையாமற் காப்பதும், காய்ச்சல், காயம், சத்திரசிகிச்சை போன்ற நெருக்கடிகளில் உடம்பை நிமிர்த்தி வைப்பதும் இதுவே. இது அதிகாலையில் அதிகமாகவும் இரவிற் குறைவாகவும் சுரக்கும்.

இந்த ஓமோனை ஒத்ததாகச் செய்யப்பட்ட மருந்துகளே ஸ்டீரோயிட் மருந்துகள். எமது வைத்தியசாலைகளில் பெரும்பாலும் கொடுக்கப்படுவது பிறெட்னிசொலோன் என்னும் சிறிய குளிசை. பொதுவாக ஒரு குளிசை 5 மில்லிகிராம். நல்ல தேகாரோக்கியமுள்ள ஒருவரின் உடம்பு ஒரு நாளிற் தானாகச் சுரக்கும் கோட்டிசோலின் வேலையை ஏறத்தாழ இந்த ஒரு குளிசை செய்துவிடும். தொய்வு கடுமையாகும்போது வைத்தியர் ஒரு நாளைக்கு 8 குளிசை, அதாவது 40 மில்லிகிராம் எழுதுகிறார் என்றால் அது உடம்பின் இயல்பான சுரப்பைப்போல் பல மடங்கு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். தொய்வு மாத்திரமன்றி முடக்குவாதம், சிறுபிள்ளைகளுக்கு முகமும் காலும் வீங்கிச் சிறுநீரிற் புரதம் போகும் வருத்தம், சில தோல் நோய்கள், கண் நோய்கள், கடும் ஒவ்வாமை என்பவற்றுக்கும் இது கொடுக்கப்படுகின்றது. (உடற்பயிற்சி நிலையங்களில் சில இளைஞர் தசை பெருப்பதற்காக எடுக்கும் ஸ்டீரோயிட் வேறு வகை. அதுவும் தீங்கானது, ஆனால் இக்கட்டுரையின் பொருள் அதுவன்று.)

1948 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் எழும்ப முடியாதிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு கோட்டிசோன் ஊசி மருந்து முதன்முதலாக ஏற்றப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகமே அதனை அற்புதம் என்றது. 1950 இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிறெட்னிசொலோன் 1955 இல் பாவனைக்கு வந்தது. ஆனால் அற்புதத்தின் மறுபக்கமும் வெகுவிரைவில் வெளிவந்தது. 1952 இல் அமெரிக்க வைத்திய சஞ்சிகை ஒன்றில் ஒரு நோயாளியின் செய்தி பிரசுரமாயிற்று. பல மாதங்கள் கோட்டிசோன் எடுத்து வந்த அவருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் அம்மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. சிகிச்சை முடிந்து சில மணிநேரத்தில் இரத்த அழுத்தம் வீழ்ந்து, எதற்கும் மீளாமல் அவர் இறந்துபோனார். பரிசோதித்தபோது அவரது அதிரீனல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன.

ஏன் அப்படி ஆகின்றது? வெளியிலிருந்து தினமும் ஸ்டீரோயிட் வந்து சேரும்போது, மூளையின் அடியிலுள்ள தலைமைச் சுரப்பி “இரத்தத்தில் வேண்டியமட்டும் இருக்கிறது” என்று கண்டு அதிரீனலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகின்றது. கட்டளை வராத சுரப்பி வேலை மறந்து வாடிப்போகின்றது. தினமும் இறைத்த கிணற்றைப் பல காலம் இறைக்காது விட்டால் ஊற்றுக்கண் தூர்ந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அதுபோன்றதே இதுவும். குளிசையைத் திடீரென நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் ஊறாது. தூர்ந்த ஊற்று மறுபடி திறக்க வாரங்கள் எடுக்கும். சிலருக்குப் பல மாதங்கள், ஒரு வருடமும் ஆகலாம். அதற்காகவே வைத்தியர் 8 குளிசை, 6 குளிசை, 4 குளிசை என்று படிப்படியாகக் குறைத்து எழுதுகிறார். வருத்தம் சுகமாகிவிட்டது, இனி எதற்கு என்று அந்தக் கடைசி ஒரு குளிசை, அரைக் குளிசையை அலட்சியம் செய்வோர் பலர். உண்மையில் அந்தக் கடைசிப் படிகளே சுரப்பி விழித்தெழுவதற்கு அவகாசம் கொடுப்பவை.

எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டா என்றால் இல்லை. தொய்வுக்கு ஐந்து நாள், ஏழு நாள் என்று கொடுக்கப்படும் குறுகிய காலக் குளிசையைச் சொன்ன நாளில் நிறுத்தினாற் பெரும்பாலும் தீங்கில்லை. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர்கள், குறுகிய காலமேயாயினும் வருடத்திற் பல தடவை திரும்பத் திரும்ப எடுத்தவர்கள், இரவு வேளையிலும் எடுத்தவர்கள் ஆகியோரே விசேட கவனத்துக்குரியவர்கள். நீங்கள் எந்த வகை என்பதை உங்கள் வைத்தியரிடம் நேரே கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

விரத நாட்களில்

நெடுந்தீவில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபது. முடக்குவாதத்துக்காக இரண்டு வருடமாகக் காலையில் இரண்டு பிறெட்னிசொலோன் எடுக்கிறார். ஐப்பசியில் கந்தசஷ்டி வருகின்றது. முப்பது வருடமாகத் தவறாமற் பிடித்த விரதம். “ஆறு நாளைக்கு வாயில் ஒன்றும் வைக்கமாட்டேன், தீர்த்தம் மட்டும்தான்” என்று குளிசைப் பையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறார். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாளில் உடம்பு உளைவும் சோர்வும் வரும். விரதக் களை என்று நினைப்பார். பின்னர் எழும்பினால் தலைசுற்றும், ஓங்காளம், வாந்தி, வயிற்று நோவு. சூரன்போர் பார்க்கக் கோயில் வீதிக்கு வந்தவர் சனத்துக்குள்ளே விழுந்துவிடுகிறார். கூடி நிற்பவர்கள் பசிமயக்கம் என்று சோடா பருக்குவார்கள். உரு வந்துவிட்டது என்று விபூதி போடுபவர்களும் இருப்பார்கள். உண்மையில் அவருக்கு வேண்டியது நாளத்தில் ஏற்றும் ஐதரோகோட்டிசோன் ஊசியும் சேலைனும். அது ஒரு சில மணிநேரத்துக்குள் கிடைக்கவேண்டும். மாலை நேரம், படகு இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே இரண்டு கெடுதிகள் ஒன்றுசேர்கின்றன. பட்டினியின்போது இரத்தத்திற் சீனியைத் தாங்கிப் பிடிப்பது கோட்டிசோலே என்று மேலே கூறினேன். கோட்டிசோல் இல்லாத உடம்பைப் பட்டினியும் போட்டால் அதனால் தாங்க முடியாது. ஆகவே நீண்டகாலம் ஸ்டீரோயிட் எடுப்பவர் மற்ற நாட்களைவிட விரத நாட்களில்தான் குளிசையைத் தவறவிடவே கூடாது.

மருந்து எடுத்தால் விரதம் முறிந்துவிடாதா என்ற மனக்குறை பலருக்கு உண்டு. விரதத்தைக் கெடுக்காதவை எட்டு என்று வடமொழி நூல் மரபு கூறுகின்றது. நீர், கிழங்கு, பழம், பால் ஆகியவற்றோடு குருவின் வார்த்தையும் மருந்தும் அந்த எட்டில் அடங்கும். நோயாளரும் கர்ப்பிணிகளும் முதியோரும் இயன்ற அளவில் அனுட்டிக்கலாம் என்பதே எமது பெரியோர் சொல்லி வந்ததும். ஐயமிருப்பின் உங்கள் ஆலயக் குருக்கள் ஐயாவிடமே கேளுங்கள். மருந்தை விட்டுவிட்டு விரதம் இருக்கும்படி எந்தக் குருக்களும் சொல்லக் நான் கேட்டதில்லை.

அப்படியானால் எவ்வாறு பிடிக்கலாம்? கந்தசஷ்டியில் ஆறு நாளும் உபவாசம் இருப்பதற்குப் பதிலாகக் காலையிற் பாலும் வாழைப்பழமும் எடுத்து அதனோடு குளிசையை விழுங்கி, மாலையில் ஒருநேர உணவு கொள்ளலாம். கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாள். அதனை ஒருவேளை உணவோடு அனுட்டிப்போரே அதிகமாதலால், அந்த ஒருவேளைக்காகக் குளிசையை மாலைக்குத் தள்ளாமற் காலையிற் பாலோடு எடுப்பது நன்று. மாலையில் எடுத்தால் இரவு நித்திரை வராது. சுரப்பியும் கூடுதலாக அடங்கிப்போகும். சிவராத்திரியும் ஆடி அமாவாசையும் ஒரு நாள் விடயம். எனினும் பூசை முடியும்வரை வாயில் நீரும் வைக்காதவர்கள் மதியம் தாண்டும்வரை குளிசையை மறந்துவிடுகிறார்கள். மறந்தால் அன்றைக்கே நினைவு வந்த நேரத்தில் எடுங்கள். மறுநாள் சேர்த்து இரட்டிப்பாக எடுக்கவேண்டாம். எமது உற்சவ காலங்களில் பூசை பிந்துவது வழமை. ஸ்டீரோயிட் எடுப்பவர் அதற்காகக் காத்திராமல் வீட்டிலேயே பாலைக் குடித்துக் குளிசையையும் போட்டுவிட்டு வருவதில் அம்பாளுக்கு ஒரு குறையும் இல்லை.

நீரிழிவும் சேர்ந்திருப்போர் விரதம் தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பே கிளினிக்கிற் பேசவேண்டும். இன்சுலினையும் சீனிக் குளிசையையும் விரதத்துக்கேற்ப மாற்றவேண்டி இருக்கும். அதனை வைத்தியரே செய்யவேண்டும். காவடி, பிரதட்டை, தூக்குக்காவடி போன்ற நேர்த்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்டகாலம் இம்மருந்தை எடுப்பவரின் தோல் மெலிந்திருக்கும், காயம் ஆறத் தாமதமாகும், கிருமி இலகுவிற் தொற்றும். நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்ற முடியுமா என்று யோசிப்பது நல்லது.

கடல் கொந்தளிக்கும் காலத்தில்

விரதத்தாற் குளிசை நிற்பது ஒரு வகை. எமது தீவுகளில் மருந்து தீர்ந்துபோவதால் நிற்பது இன்னொரு வகை. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதி மக்களுக்குப் பண்ணைப் பாலம் உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்தும், அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்தும் கடல்வழி ஒன்றே கதி. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேர ஓட்டம். சோளகக் காற்று உரக்கும்போதும், ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடையோடு புயற்சின்னம் உருவாகும்போதும் படகுகள் நின்றுவிடுவது எமக்குப் புதிதல்ல. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த நாட்களை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். காற்று மாத்திரமன்று; 2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் எரிபொருளும் இல்லை, மருந்தும் தட்டுப்பாடு என்ற நிலையையும் கண்டோம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மாதாந்தக் கிளினிக் போகும் ஒருவர் சரியாக முப்பது நாளுக்கு மருந்து வாங்கிவந்து, இருபத்தொன்பதாம் நாள் காற்று எழும்பினால் என்ன செய்வது? ஆகவே குறைந்தது இரண்டு கிழமைக் குளிசை எப்போதும் கையிருப்பாக இருக்கவேண்டும். “நான் நெடுந்தீவு, படகு நிற்கும் காலம் வருகிறது” என்று வைத்தியரிடம் வெட்கப்படாமற் சொல்லுங்கள். மேலதிகமாக எழுதித் தருவார்கள். கையிருப்பைத் தனியே போட்டு வைத்துப் பழையதை முதலிற் பாவித்துப் புதியதைக் கையிருப்பாக்குங்கள், இல்லாவிடில் காலாவதியாகிவிடும். எமது உப்புக் காற்றிலும் ஈரலிப்பிலும் கடதாசி உறையிற் போட்ட குளிசை விரைவிற் பொருமிப்போகும். இறுக மூடும் சிறு போத்தலில், அடுப்படிக்குத் தூரமாக, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். குளிசை முடியும் தறுவாயிற் படகும் இல்லையென்றால், இருப்பதை நீங்களாகப் பாதி பாதியாக்கி இழுக்காமல் தீவிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே போங்கள். பிறெட்னிசொலோன் அபூர்வ மருந்தன்று. ஒரே வகை இல்லாவிடினும் அதற்கு ஈடான வேறொன்றை வைத்தியர் கணக்குப் பார்த்துத் தரமுடியும்.

அம்மாள் வருத்தம்

கொப்புளிப்பான் வந்தால் அம்மாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, வீட்டைத் துப்புரவாக வைத்து, மருந்து எடுக்காமல், தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாளை எண்ணியிருப்பது எமது வழக்கம். நல்ல தேகாரோக்கியமுள்ள பிள்ளைக்கு இது பெரும்பாலும் தானாகவே மாறிவிடும் வருத்தம். ஆதலால் அந்த வழக்கத்தாற் பெரிய தீமை நேர்ந்ததில்லை. நோயாளியைத் தனிப்படுத்தி வைப்பதால் நன்மையும் உண்டு.

ஆனால் ஸ்டீரோயிட் எடுப்பவருக்கு இது வேறு கதை. உடம்பின் காவற்படையை அடக்கி வைப்பதே இம்மருந்தின் வேலை. முன்னர் கொப்புளிப்பான் வராத ஒருவர் கூடிய அளவு ஸ்டீரோயிட் எடுத்துக்கொண்டிருக்கும்போது அது தொற்றினால், தோலோடு நில்லாமற் சுவாசப்பைக்கும் ஈரலுக்கும் பரவி உயிராபத்தை விளைவிக்கக்கூடும். இதற்கு வைரசை அடக்கும் மருந்து உண்டு. கொப்புளம் தோன்றி முதல் நாளிலேயே தொடங்கினாற் பலன் அதிகம். ஆகவே அத்தகையவர் கொப்புளிப்பான் உள்ள வீட்டுக்குப் போகக்கூடாது. அறியாமற் பழகிவிட்டால், கொப்புளம் வரட்டும் பார்ப்போம் என்று இராமல் அன்றே வைத்தியரிடம் சொல்லவேண்டும். தொற்றி வெளித்தெரிய 10 முதல் 21 நாள் வரை எடுக்கும். அந்த இடைவெளியிலேயே தடுப்பதற்கு வழி உண்டு. வேப்பிலையையும் அம்மன் வழிபாட்டையும் விடும்படி நான் சொல்லவில்லை. வேப்பிலை வாசலில் இருக்கட்டும். நோயாளி வைத்தியசாலையில் இருக்கட்டும். அங்கேயும் குளிசையை நிறுத்திவிடாமல் “ஸ்டீரோயிட் எடுக்கிறேன்” என்று முதலிலேயே சொல்லவேண்டும்.

கிருமித் தொற்றில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. இம்மருந்து காய்ச்சலையும் நோவையும் மூடி மறைக்கும். உள்ளே நோய் முற்றியிருக்க வெளியே இலேசாகத்தான் காயும். 2024 டிசம்பரில் யாழ் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை அறிவீர்கள். மாரியில் டெங்கும் இருக்கிறது. ஸ்டீரோயிட் எடுப்பவருக்கு இலேசான காய்ச்சலும் இலேசானதன்று. நீடித்த இருமல் இருந்தாற் சளிப் பரிசோதனை செய்யவேண்டும். பழைய காசநோய் இம்மருந்தால் மீண்டும் தலைதூக்கும். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும் எமக்குத் தோலைத் துளைத்து உட்புகும் ஒருவகைப் புழு உண்டு. அதுவும் ஸ்டீரோயிட்டால் உடம்பெங்கும் பெருகக்கூடும் என்பதால், நீண்டகால மருந்து தொடங்குமுன் வைத்தியர் புழுவுக்கும் மருந்து தரலாம். எதற்கு இது என்று தள்ளிவிடாதீர்கள்.

உடம்பு வைப்பது சுகமன்று

இம்மருந்து எடுக்கத் தொடங்கினாற் பசி கூடும், முகம் பூரணசந்திரன்போல் உருளும், வயிறு வைக்கும். “இப்பதான் ஆள் தேறிவிட்டார்” என்று அயலார் மகிழ்வார்கள். அது தேற்றமல்ல, மருந்தின் வேலை. அதேவேளை இளம் பெண்பிள்ளைகள் முகம் உருளுகிறதென்று யாருக்கும் சொல்லாமற் குளிசையை எறிந்துவிடுவதும் நடக்கின்றது. மருந்து குறையும்போது முகம் பழையபடி வரும் என்பதைப் பெற்றோர் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

நீரிழிவு இல்லாதவருக்கும் இது சீனியைக் கூட்டும். காலையில் எடுத்த பிறெட்னிசொலோன் பின்னேரத்திலும் முன்னிரவிலுமே சீனியை உயர்த்தும்; மறுநாட் காலையில் வெறுவயிற்றிற் பார்த்தாற் சரியாக இருப்பதுபோற் தோன்றும். எனவே வெறுவயிற்றுப் பரிசோதனை மட்டும் பார்த்து ஆறுதலடைய முடியாது. மதியச் சாப்பாட்டின் பின்னான பரிசோதனையையும் கேளுங்கள். உற்சவ காலத்துச் சர்க்கரைப்பொங்கலும் மோதகமும் பஞ்சாமிர்தமும் பிரசாத அளவில் இருப்பதே நலம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் என்பவற்றின் உப்பு பிறஷரையும் கால் வீக்கத்தையும் கூட்டும்.

எலும்பு நொய்மையாவது சத்தமின்றி நடக்கும். மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர் கல்சியம், விற்றமின் டி பற்றிக் கேட்கவேண்டும். பால், தயிர், எள்ளு, முருங்கையிலை, மச்சம் சாப்பிடும் நாட்களில் முள்ளோடு நெத்தலி என்பன எமக்கு எட்டியவையே. வயிற்று எரிவு உள்ளவர் சாப்பாட்டின் பின் எடுக்கவேண்டும். மூட்டு நோவுக்கென்று கடையில் வாங்கும் டைக்குளோபெனக், இபுபுறூபன் என்பவற்றை இதனோடு சேர்த்தாற் குடற்புண் ஏற்பட்டு இரத்தம் கசியும். மலம் தார்போற் கறுத்துப் போனால் உடனே வைத்தியசாலை செல்லவும். கண்ணை வருடத்துக்கு ஒரு தடவையாவது காட்டவேண்டும்.

மனதையும் இம்மருந்து தொடும். நித்திரையின்மை, அளவுகடந்த உற்சாகம், காரணமில்லாத அழுகை, சிலவேளை சந்தேகமும் பிதற்றலும் வரலாம். பேய் பிடித்தது, செய்வினை என்று பார்வை பார்க்க அழைத்துச் செல்லுமுன், அண்மையில் ஸ்டீரோயிட் தொடங்கப்பட்டதா, அளவு கூட்டப்பட்டதா என்று பாருங்கள். ஆயின், மனக்குழப்பம் வந்துவிட்டதென்று குளிசையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. வைத்தியர் அளவை மாற்றித் தருவார்.

இரவற் குளிசை

எமது ஊரில் பிள்ளைகள் கனடா, இலண்டன், பிரான்ஸ் என்று இல்லாத வீடு குறைவு. திருவிழாவுக்கு வருபவர்கள் அன்போடு மருந்தும் கொண்டுவருவார்கள். கனடாவிற் பிறெட்னிசோன் என்ற பெயரில் இதனையொத்த மருந்து உண்டு. அதிற் 5 மில்லிகிராமும் உண்டு, 50 மில்லிகிராமும் உண்டு. இங்கே “இரண்டு குளிசை” என்று பழகிய ஒருவர் அந்த 50 இல் இரண்டை விழுங்கினாற் பத்து மடங்கு! டெக்சாமெதசோன் என்பது இன்னும் வீரியமானது. அதில் முக்கால் மில்லிகிராம், பிறெட்னிசொலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். ஆகவே எத்தனை குளிசை என்று சொல்லாமல், மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் சொல்லப் பழகவேண்டும்.

டெக்சாமெதசோனின் பெயர் கொரோனா காலத்தில் எல்லோருக்கும் தெரியவந்தது. 2020 ஜூனில் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள், ஒட்சிசன் தேவைப்பட்ட கடும் நோயாளரின் இறப்பை அது குறைப்பதாகக் கண்டனர். ஒட்சிசன் தேவைப்படாதவருக்கு நன்மை இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அந்த இரண்டாவது பாதியைக் கேளாமற் பலர் வீட்டிலேயே வாங்கி விழுங்கினர். 2021 இல் இந்தியாவிற் கறுப்புப் பங்கசு நோய் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிப் பலரது கண்ணையும் உயிரையும் பறித்தது. கட்டுப்படாத நீரிழிவும் மிதமிஞ்சிய ஸ்டீரோயிட் பாவனையும் அதற்கு முக்கிய காரணங்களாகக் கூறப்பட்டன.

பெயரில்லாத பொடிகளும் உருண்டைகளும் இன்னொரு பொறி. மூட்டு நோவு ஒரே நாளிற் பறந்துவிட்டது, தொய்வு அடியோடு போய்விட்டது என்று வாய்வழியே பரவும் சில “மூலிகை” மருந்துகளில் ஸ்டீரோயிட் கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதனை மூலம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றது. எமது பரம்பரைச் சித்த வைத்தியர்களைக் குறைகூறுவதாக இதனைக் கொள்ளவேண்டாம். தாம் கொடுப்பது இன்னதென்று சொல்லிக் கொடுக்கும் வைத்தியர் வேறு, பெயர் சொல்லாமற் பொட்டலம் விற்பவர் வேறு. முகம் வெளுக்கும் பூச்சுக்கள் சிலவற்றிலும் இதே கலப்படம் உண்டு.

தொய்வுக்காரரிடம் ஒரு விசேட வேண்டுகோள். “பம்ப் பிடித்தாற் பழகிவிடும், குளிசைதான் நல்லது” என்ற எண்ணம் இங்கே வேரூன்றியிருக்கின்றது. நேர்மாறானதே உண்மை. தடுப்பு பம்பில் ஒரு நாளைக்கு உள்ளே போகும் ஸ்டீரோயிட் சில நூறு மைக்கிரோகிராம். 8 குளிசையில் இருப்பது 40,000 மைக்கிரோகிராம். பம்பை ஒழுங்காகப் பிடித்து, பின் வாயைக் கொப்பளித்து வந்தாற் குளிசைக்கே தேவை வராமற் போகலாம்.

காய்ச்சலும் கையடக்கக் குறிப்பும்

நெருக்கடி வேளையிற் கோட்டிசோல் கூடச் சுரக்கும் என்று முதலிற் குறிப்பிட்டேன். சுரப்பி உறங்கிக் கிடக்கும் ஒருவருக்குக் காய்ச்சலோ, விபத்தோ, பல் பிடுங்கலோ, சத்திரசிகிச்சையோ வந்தால் அந்த மேலதிகத்தை மருந்தாகத்தான் கொடுக்கவேண்டும். காய்ச்சல் நாட்களில் எத்தனை குளிசையாகக் கூட்டவேண்டும் என்பதைச் சுகமாக இருக்கும்போதே வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வாந்தியால் குளிசை தங்கவில்லையென்றால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. ஊசி மருந்து தேவை. தரைவழித் தொடர்புள்ள இடங்களில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். கடல் கடந்த தீவுகளில் முதலிற் தீவு வைத்தியசாலைக்கே கொண்டு செல்லவேண்டும். படகு கிடைக்கும்வரை அங்கேயே ஊசியைப் போட்டு ஆளைத் தாங்கிப் பிடிக்கமுடியும்.

விழுந்து கிடப்பவரால் தான் என்ன மருந்து எடுக்கிறேன் என்று சொல்லமுடியாது. இங்கிலாந்தில் 2020 முதல் இத்தகைய நோயாளருக்கு அவசர அட்டை ஒன்று வழங்கப்படுகின்றது. நாம் ஒரு கடதாசி மட்டையில் நாமே எழுதிக்கொள்ளலாம். பெயர், வயது, என்ன வருத்தம், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கியது, “இம்மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது, அவசரத்தில் ஐதரோகோட்டிசோன் ஊசி தேவை” என்ற வசனம், வீட்டாரின் தொலைபேசி இலக்கம் ஆகியன அதில் இருக்கவேண்டும். தமிழில் மட்டும் எழுதினாற் போதாது. கடலிலே நோயாளரைக் கொண்டுசெல்ல உதவுபவர்களில் தமிழ் வாசிக்கத் தெரியாதோரும் இருப்பர். கிளினிக்கில் உள்ள தாதியரிடம் கேட்டு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதுவித்து, பொலித்தீன் உறையிலிட்டு, கோயிலுக்கு வரும்போது மடியிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மட்டை உங்களிடம் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ளவர்களில் இருவருக்காவது சொல்லி வையுங்கள். அளவு மாறும் ஒவ்வொரு கிளினிக்கின் பின்பும் பழைய மட்டையைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.